வீசம், அரைக்கால், கால்

அணைத்துவிட்டுக் குலுக்கினால்
உள்ளே ஏதோ உருளும்.
ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.
பாலக்காட்டுக் கடைப் பையன் சிரித்தான்:
"அது சென்சார், சேட்டா.
கரண்ட் இருந்தால்தான் காந்தம் பிடிக்கும்.
இல்லாவிட்டால் தொங்கும்."
செகண்ட் ஹேண்ட். உள்ளங்கை அகலம்.
முன்பு வைத்திருந்தவன் எண்ணெய்க் கையன் போல,
சக்கரத்தின் பல்லிடுக்கில் இன்னும் பிசுக்கு.

ஆடிக் காற்று கணவாய் வழியே வந்து
எருத்தேம்பதிப் பனைகளை
ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது.
பஸ் ஸ்டாப் பலகையில் முதல் சோதனை.
முழங்கையை விலாவில் ஒட்டி
பாதி மூச்சில் நிறுத்தி.
பதினைந்தில் ஒன்று, எட்டில் ஒன்று என்கிறது திரை.
என் வாயில் வருவது வாய்பாட்டுக் கணக்கு:
வீசம் நொடி.
அரைக்கால் நொடி.
கால்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
த் மேல் ஒரு புள்ளி, ம் மேல் ஒரு புள்ளி.
அரைக்காலில் இரண்டும்
குன்றிமணிபோல நின்றன.
காலில் ஒன்று லேசாக நீண்டு அரிசியானது.
ஸ்டெபிலைசரை அணைத்து அதே கால் நொடி:
புள்ளிகள் கோடாகி
ஊர்ப்பெயரையே அடித்துவிட்டன.
மேல் வரி மலையாளம். எல்லாம் சுருள்,
ஆடினாலும் அழகாகத்தான் ஆடியது.
அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தைராய்டு கூடிவிட்டது என்றார் சித்தூர் டாக்டர்.
நாலு மாதமாகிறது.
கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று
பேங்க்கில் செக் திரும்பியது.
இன்ஷூரன்ஸுக்கு நான் எடுத்தனுப்பிய
மாட்டுக் காது வில்லை
மூன்று தடவை திரும்பியது.
"சென்னியப்பா, நம்பர் கிளியர் இல்ல"
அவ்வளவுதான் அனுப்புவார் அஜயன் சார்.
ஏன் என்று கேட்டதில்லை.
கேட்டிருக்கலாம்.

காலை நாலரை.
தெய்வாத்தாளின் கட்டுத்தறியில் ஒற்றை பல்பு.
ஃபிளாஷ் போட வழியில்லை,
போன மாதம் ஒரு கிடாரி மிரண்டு
கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டது.
காமிராவை உயர்த்தினேன்.
கயிறு, தூண், தவிட்டு வாளி எல்லாம்
தண்ணீரில் மிதப்பதுபோல
மெல்ல நகர்ந்து, நின்றன.
திரைக்கு வெளியே என் விரல் தந்தியடித்தது.
திரைக்குள் இல்லை.
நாலு மாதத்தில் முதல் தடவையாக
என் கையில் இருந்த ஒன்று
சும்மா இருந்தது.
எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் நொடி.
தூணில் கரையான் ஏறிய பாதை தெரிகிறது.
கயிற்றின் புரி தெரிகிறது.
காது மட்டும் புகை.
ஈ உட்கார்ந்திருக்கும், மாடு விசிறியிருக்கும்.
என் ஆட்டத்தைப் பிடிக்கிற காந்தம்
மாட்டின் ஆட்டத்துக்கு என்ன செய்யும்?
அரைக்கால். புகை.
வீசத்தில் புகை குறைந்தது, இருட்டு கூடியது.
பதினோரு படம்.

தெய்வாத்தாள் திரும்பவில்லை.
நெற்றியை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்து
கறந்துகொண்டே
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
"ட்டொ, ட்டொ" என்றாள்.
காது நின்றது.

அரைக்கால் நொடி.

பன்னிரண்டு இலக்கம்.
ஒன்று ஒன்றாக, ஏழு ஏழாக.
ஓரத்தில் அவள் முகம், புருவ மயிர் வரை.
மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை,
வாளிக்கு மேல் வெள்ளையாய் ஒரு கலக்கம்.

நம்பரை மட்டும் வெட்டி
அஜயன் சாருக்கு அனுப்பினேன்.
முழுப் படத்தை அவளிடம் காட்டினேன்.
"எங்கையெ எங்கே காணோம்?"
"ஆடிருச்சுங்க."
"வேலெ செய்யற கை ஆடாம?"

அணைத்தேன். உள்ளே உருண்டது.
அவள் டீ கொண்டுவந்தாள்.
நீட்டிய என் கையை ஒரு நொடி பார்த்துவிட்டு
டம்ளரை மறுபடி சட்டிப் பக்கம் கொண்டுபோய்
கொஞ்சம் திருப்பி ஊற்றி
முக்காலாக்கித் தந்தாள்.